வேலைநிறுத்தத்துக்குள் போலீசாக நுழைதல்: விளையாடுவோரின் நோக்கங்களை வகைப்படுத்திய வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சென்ற மழைக்கால விடுமுறையில் பள்ளிவாசலுக்குச் சென்றிருந்தபோது, எங்கள் பக்கத்து லயத்தைச் சேர்ந்த முதுகலை மாணவி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கதை முதன்மை பெறும் பாத்திரமேற்பு விளையாட்டு ஒன்றைக் கணினியில் விளையாட வேண்டும், எதை எடுப்பது என்பதே கேள்வி. பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளை அவருடைய பழைய மடிக்கணினி தாங்காது. எனவே சிறு குழுக்கள் உருவாக்கும், இண்டி எனப்படும் விளையாட்டுகளுக்குள்தான் தேட வேண்டியிருந்தது. இணையத்தில் கிடைக்கும் ஒரு வினாநிரலை முன்னதாகவே நிரப்பி, தாம் ‘ஆராய்வோர்’ வகை என்ற முடிவையும் கையில் வைத்திருந்தார். அந்த முடிவை நம்பி நான் ‘டிஸ்கோ எலிசியம்’ என்ற விளையாட்டைப் பரிந்துரைத்தேன்.

2019இல் வெளியான அந்த விளையாட்டு எஸ்தோனியாவில் வேர்கொண்ட குழுவொன்றின் ஆக்கம். வாளும் மந்திரமும் இல்லாதது. நினைவிழந்த துப்பறிவாளன் ஒருவன் துறைமுகப் பகுதியில் நடந்த கொலையை விசாரிக்கிறான். அவனுடைய 24 திறன்களும் அவன் தலைக்குள் தனித்தனிக் குரல்களாகப் பேசுகின்றன. சுமார் பத்து லட்சம் சொற்கள். ஆராய விரும்புபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். நான்காம் நாள் அவர் அதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது அவர் சொன்னது: “அண்ணா, அங்க ஸ்ட்ரைக் நடக்குது. நான் எதுக்குப் போலீசா போகணும்?”

அந்த விளையாட்டில் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் கதையின் நடுவில் நிற்கிறது. விளையாடுபவரோ அதற்குள் காவல்படை ஆளாக நுழைகிறார். இந்த மாணவியின் தாயார் 2015 செப்டம்பரில் மூணாறில் பெம்பிளை ஒருமைப் பெண்களோடு 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்திருந்தவர். இதை நான் அறிந்தே இருந்தேன். அறிந்திருந்தும் பரிந்துரைக்கும்போது என் கண்முன் இருந்தது ‘ஆராய்வோர்’ என்ற சொல் மட்டுமே. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அது எதை அளக்க உருவானது என்று தேடிப் பார்த்ததன் விளைவே இப்பதிவு.

வகைப்பாட்டின் வரலாறு கணினிக்கு முந்தையது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டு. போர் விளையாட்டுக்காரர்களிடமிருந்து பிறந்தாலும் விரைவிலேயே அவர்கள் கையை மீறிச் சென்றது. ஒரே மேசையில் ஒருவர் எதிரியை வெல்லவும் மற்றவர் பாத்திரமாகப் பேசிப் பார்க்கவும் விரும்பியதால் பூசல் எழுந்தது. 1980இல் கிளென் பிளாக்கோ என்பவர் ‘டிஃபரன்ட் வோர்ல்ட்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இப்பூசலுக்கு ஒரு விளக்கம் தந்தது. வலிமை சேர்ப்போர், போர்த்தந்திரம் விரும்புவோர், பாத்திரமாக வாழ்வோர், கதை கட்டுவோர் என நான்கு போக்குகளை அவர் பிரித்துக் காட்டினார். ஒரே மேசையில் அமர்வோர் ஒருவர் விருப்பத்தை மற்றவர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அங்கு எழுந்த தேவை. எந்த விளையாட்டை வாங்குவது என்ற கேள்வி அப்போது யாருக்கும் இல்லை.

இன்று பரவலாக அறியப்படும் நால்வகை வேறொரு சூழலில் பிறந்தது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா ‘மட்’ என்ற, எழுத்தால் மட்டுமே ஆன, பலர் ஒருசேர உலவும் கணினி உலகைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை எடுத்து வளர்த்தார். 1989 நவம்பர் முதல் 1990 மே வரை, வணிக நோக்கில் இயங்கிய ஒரு மட்டின் மூத்த ஆட்டக்காரர்களிடையே, மனிதர்கள் இதில் எதை நாடுகிறார்கள் என்ற விவாதம் நடந்தது. முனைந்து பங்கேற்றவர் சுமார் 15 பேர், அவ்வப்போது தலைகாட்டியவர் இன்னும் 15 பேர். இந்த முப்பது பேரின் பேச்சைத் தொகுத்துத்தான் பார்ட்டில் 1996இல் தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். சாதிப்போர், ஆராய்வோர், பழகுவோர், தாக்குவோர் என்ற நால்வருக்கும் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களைச் சூட்டினார். ஆராய்வோருக்கு ஸ்பேட். தோண்டும் மண்வெட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் என்பது அவருடைய சிலேடை.

கட்டுரையைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு ஒன்று விளங்கும். ஓர் உலகை நிர்வகிப்பவர் நான்கு வகையினரின் எண்ணிக்கையை எப்படிச் சமன் செய்வது என்பதே அதன் கவலை. தாக்குவோர் பெருகினால் பழகுவோர் வெளியேறுவர், அதைச் சரிசெய்ய என்ன மாற்றலாம் என்பது போன்ற கணக்குகள். ஏறக்குறைய ஊராட்சி நிர்வாகம். அடுத்த சில ஆண்டுகளில் வேறு இருவர் அதை வினாநிரலாக மாற்றி இணையத்தில் இட்டனர். ‘பார்ட்டில் சோதனை’ என்று வழங்கினாலும் அது பார்ட்டில் உருவாக்கியதன்று. நிர்வாகிக்கான கருவி இப்படித்தான் தனிமனிதரின் சாதகக் குறிப்பாயிற்று. பள்ளிவாசல் மாணவி நிரப்பியது அதன் வழிவந்த ஒன்றைத்தான். பலர் உலவும் உலகத்துக்கென எழுந்த கேள்விகளுக்கு, தனியே அமர்ந்து கதை விளையாட விரும்பிய ஒருவர் விடையளித்திருக்கிறார்!

பார்ட்டிலின் வகைகளை அளந்து பார்த்தவர் நிக் யீ. இணையத்தில் பலர் ஒருங்கே ஆடும் விளையாட்டுகளின் ஆட்டக்காரர் 3,000 பேரிடம் கணக்கெடுத்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார். பத்து நோக்கக் கூறுகள் கிடைத்தன. அவை சாதனை, சமூகம், அமிழ்தல் என்ற மூன்று தொகுதிகளில் அடங்கின. ஒரு நோக்கம் ஓங்கினால் மற்றொன்று தாழும் என்ற பார்ட்டிலின் ஊகத்துக்குத் தரவில் ஆதரவில்லை என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. சாதிக்க விரும்புபவரே பழகவும் விரும்பலாம்.

ஆனால் நம் பொருளுக்கு வேண்டிய முடிச்சு ‘அமிழ்தல்’ என்ற தொகுதியில் இருக்கிறது. கண்டறிதல், பாத்திரமேற்றல், தோற்றத்தை விருப்பப்படி அமைத்தல், அன்றாடத்திலிருந்து தப்பித்தல் ஆகிய நான்கும் அதற்குள் ஒன்றாக நிற்கின்றன. புள்ளியியல் நோக்கில் இது சரியாக இருக்கலாம். கதையை நாடுபவருக்கோ இந்நான்கும் வெவ்வேறு பசிகள். தப்பிக்க வருபவர் தம் வாழ்க்கையின் சாயல் இல்லாத கதையைக் கேட்பார். கண்டறிய வருபவர் சில வேளைகளில் தம் வாழ்க்கையையே வேறொரு கோணத்தில் பார்க்கக் கேட்பார். இருவருக்கும் ஒரே பரிந்துரையை அளிப்பது, பசிக்கும் தாகத்துக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதாகும்.

மேசை விளையாட்டின் மரபில் இந்த இடத்தை இன்னும் நுணுக்கமாகத் தொட்டவர் ரான் எட்வர்ட்ஸ். 2001இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை ஆட்டநோக்கு, கதைநோக்கு, போலிமைநோக்கு என்ற மூன்றை முன்வைத்தது. அது எழுப்பிய சண்டைகளை இங்கு விவரிக்கப் போவதில்லை, ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கே அவை போதும். நமக்குப் பயன்படுவது அவர் வலியுறுத்திய ஒரு நிபந்தனை. இச்சொற்கள் ஆட்டத்தின்போது எடுக்கப்படும் முடிவுகளுக்கு உரியவை, மனிதர்களுக்குச் சூட்டும் பெயர்கள் அல்ல. ‘இண்டி’ என்ற சொல் மேசை விளையாட்டில் வேரூன்றியதும் அவரைச் சுற்றியிருந்த வட்டத்தில்தான். படைப்பவரே உரிமையாளராக இருப்பது என்பதே அதன் பொருள். படைப்பாளர் தம் கைவசம் வைத்திருக்கும் விளையாட்டு எல்லோரையும் திருப்திப்படுத்தத் தேவையில்லை, ஒரே வகை முடிவுக்காகவே முழு விளையாட்டையும் அமைக்கலாம். இண்டி ஆக்கங்களில் தேர்வு கடினமாவதும் பலனளிப்பதும் இதனால்தான். பெருநிறுவன ஆக்கத்தில் எல்லா நோக்கங்களுக்கும் சிறிது சிறிது இருக்கும், தவறாக வாங்கினாலும் ஏதோ ஒன்று தேறும்.

இந்த வகைப்பாடுகள் எவற்றிலும் இல்லாத கேள்வி ஒன்றுண்டு: யாருடைய இடத்தில் நின்று? இக்கேள்வி நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. மூணாறு மலையிலிருந்து வடக்கே பாலக்காட்டுச் சமவெளிக்குச் சென்றால், ஆலத்தூர், சித்தூர் பகுதிகளின் பகவதி கோயில்களை ஒட்டி இரவில் நிகழும் கண்யார்களியைக் காணலாம். நாயர் சமூகத்து ஆண்கள் ஆடுவது. அதில் ‘புறாட்டு’ எனப்படும் பகுதிகளில் அவர்கள் பிற சாதியினர், பழங்குடியினர் வேடமேற்று, தமிழும் மலையாளமும் கலந்த பாட்டும் பேச்சுமாக அவர்களுடைய வாழ்வை நடித்துக் காட்டுகிறார்கள். அங்கே பாத்திரமேற்பு இருக்கிறது, நகையும் இருக்கிறது, அமிழ்தலும் இருக்கிறது. வேடமேற்பவர் யார், யாருடைய வேடம் ஏற்கப்படுகிறது என்பது மட்டும் மேலிருந்து கீழாக ஓடுகிறது. மட் மரபில் வந்த ‘லாம்டாமூ’ என்ற எழுத்துலகத்தை ஆராய்ந்த லிசா நகமுரா, அங்கு ஆசியப் பாத்திரங்களை அணிந்து உலவியவர்களின் செயலை 1995இல் ‘அடையாளச் சுற்றுலா’ என்று பெயரிட்டார். சுற்றுலாப் பயணிக்குத் திரும்பிச் செல்ல வீடு இருக்கிறது. வேடத்துக்கு உரியவர் அங்கேயே இருக்கிறார்.

இந்தக் கேள்வியோடு இண்டிப் பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது மூன்று ஆக்கங்கள் முன்னே வந்தன. முதலாவது, இந்தியாவிலிருந்து இயங்கிய பைரோடாக்டில் குழு 2014இல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’. பண்டைய இந்தியாவை நினைவூட்டும் கற்பனை நகரம் பீம்ரா, வறட்சியிலும் பஞ்சத்திலும் சிக்கியிருக்கிறது. உலகைக் காக்கும் வீரர் எவரும் இல்லை. வீட்டார் முடிவு செய்த திருமணத்தை எதிர்கொள்ளும் கிராமத்துப் பெண், இளவரசி, நாகர்களின் தூதர் எனப் பலருடைய இடத்தில் மாறி மாறி நிற்கிறோம். எதிரில் பேசுபவருக்கு நம்மிடம் உள்ள நட்பு, மதிப்பு, அச்சம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அளவுகளாக இருக்கின்றன. வாளெடுக்கும் வாய்ப்பு அரிது. விமரிசகர் சிலருக்கு இது சலிப்பூட்டியதில் வியப்பில்லை. வலிமை சேர்க்க வருபவருக்கு இதில் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது ‘தேர்ஸ்டி சூட்டர்ஸ்’, 2023. தெற்காசியக் குடும்பத்துப் பெண் ஜலா, சகோதரியின் திருமணத்தை ஒட்டிச் சொந்த ஊர் திரும்பி, பழைய காதலர்களை ஒவ்வொருவராக எதிர்கொள்கிறாள். முறைவைத்துத் தாக்கும் சண்டைகளே உரையாடலாகவும் இருக்கின்றன. குடும்பமே அஞ்சும் மூதாட்டியைப் ‘பாட்டி’ என்றே அழைக்கிறார்கள். பழகுவோர், சாதிப்போர் என்ற பிரிவு இங்கே உதவாது, ஏனெனில் சமாதானம் செய்வதுதான் இதில் வெற்றி. அதே ஆண்டு வெளிவந்த ‘வெண்பா’வையும் பலர் இந்த வரிசையில் சொல்வதுண்டு. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய அருமையான ஆக்கம், ஆனால் அது சமையல்வழிக் கதை. பாத்திரத்தை நாம் வடிவமைப்பதில்லை.

மூன்றாவது, கேரத் டேமியன் மார்ட்டின் 2022இல் வெளியிட்ட ‘சிட்டிசன் ஸ்லீப்பர்’. ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான செயற்கை உடலில் குடியேற்றப்பட்ட மனித உணர்வு, அங்கிருந்து தப்பி, சிதைந்த விண்நிலையம் ஒன்றை அடைகிறது. நாள்தோறும் சில பகடைகள் உருட்டப்பட்டுக் கைக்கு வரும். உடல் நலிய நலியப் பகடைகளின் எண்ணிக்கை குறையும். அவற்றைக் கூலி வேலைக்குச் செலவிடுவதா, மருந்து தேடவா, பிறருக்கு உதவவா என்பதே ஆட்டம். இதை விளையாடும்போது, போடிநாயக்கனூர், குரங்கணி வழியாக மலையேறி வந்தவர்களுக்குக் கங்காணி கொடுத்த முன்பணமும், அது தீரும்வரை கூலியில் பிடிக்கப்பட்ட கடனும் எனக்கு நினைவுக்கு வந்தன. ஆக்கியவர் மனத்தில் இருந்தது இன்றைய நிலையற்ற வேலைகள்தாம், தேயிலைத் தோட்டமன்று. ஆயினும் கடனுள்ள உடல் என்ற விதி எங்கள் மலைக்கும் பொருந்துகிறது.

எனவே பரிந்துரை கேட்கும் மாணவர்களிடம் நான் இப்போது வேறு விதமாகப் பேசுகிறேன். ஸ்டீம் கடையின் ‘ஸ்டோரி ரிச்’, ‘சாய்சஸ் மேட்டர்’ என்ற குறிச்சொற்கள் கதை உண்டு என்பதை மட்டும் சொல்லும். வினைச்சொற்களைப் பாருங்கள் என்கிறேன்: இந்த விளையாட்டில் நான் ஒரு மணி நேரம் என்ன செய்துகொண்டிருப்பேன்? கேட்பதா, மறைப்பதா, சம்பாதிப்பதா, மன்னிப்பதா? அடுத்து, எந்த இடத்தில் நிற்பேன், அங்கிருந்து யாரைப் பார்ப்பேன்? இறுதியாக, அண்மையில் எந்தக் கதை உங்களை உறங்கவிடவில்லை, அதில் யாராக இருந்தீர்கள்? இக்கேள்விகளுக்குப் பிறகும் தவறு நேரும். அந்தக் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மாணவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. முதல் இரண்டு மணி நேரத்தை மாதிரியாகக் கருதி ஆடிப் பார்க்கலாம்.

பள்ளிவாசல் மாணவி ‘சிட்டிசன் ஸ்லீப்பரை’ இரண்டு முறை முடித்துவிட்டார். முதல் முறை தப்பிச் செல்ல முயன்றதாகவும், இரண்டாம் முறை அங்கேயே தங்கிப் பிறருடன் சேர்ந்து வாழ்ந்ததாகவும் சொன்னார். இரண்டு நோக்கங்கள், ஒரே ஆள், ஒரே மாதம். இப்போது தாள், பென்சில், தாயக்கட்டைகளுடன் தம் தோழியருக்காக ஒரு மேசை விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறார். காலம் 1940, பள்ளிவாசல் மின்நிலையம் இயங்கத் தொடங்கிய ஆண்டு. கொழுந்து பறிப்பவர், மின்நிலையத்துக் கூலியாள், தபால்காரர், கங்காணி என்று பாத்திரங்கள். முதல் அமர்வில் கங்காணியாக இருக்க எவரும் முன்வரவில்லையாம். தாமே ஏற்றுக்கொண்டதாகவும், கடன் கணக்கை வாசிக்கும்போது குரல் எழவில்லை என்றும் தொலைபேசியில் சொன்னார்.