பஸ் ஏறி காலேஜ் வந்தா கிளாஸ் கேன்சலா? அட்டெண்டன்ஸும் பாடமும் போகாம சமாளிப்பது எப்படி?

காலையில களக்காடு பஸ் ஸ்டாண்டுல இடம் பிடிச்சு, 40 கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி திருநெல்வேலிக்கு வந்து, அரக்கப்பரக்க கிளாஸுக்குள்ள நுழைஞ்சா, 'முதல் ரெண்டு அவர் கிடையாதாம்டே'னு ஒரு குரல். அந்த நிமிஷம் மனசு துள்ளும். செமஸ்டர் நெருங்கும்போதுதான் அதே மனசு படபடக்கும்.

எப்பவாச்சும் ஒரு நாள்னா ஜாலி. வாரத்துக்கு நாலு அவர் இப்படிப் போச்சுன்னா, நஷ்டம் உங்களுக்குத்தான். என்ன செய்யலாம்?

முதல்ல காரணம் என்னன்னு பாருங்க

மழை லீவு வேற, ஆசிரியர் வராதது வேற. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ மழை கொட்டி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களே தத்தளிச்சப்போ கல்லூரிகளுக்கும் லீவு விட்டாங்க. இப்படி லீவு விட்டா, 'டே ஆர்டர்' முறை இருக்கும் காலேஜ்கள்ல அன்னைக்குப் போன டே ஆர்டர் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிப்போகும். விட்ட நாளுக்கு ஈடா சனிக்கிழமை வேலைநாள் வைக்கிறதும் உண்டு. ஆனா, ஆசிரியர் வராம போற அவர் அப்படியே காணாமப் போயிடும். யாராவது கேட்டாத்தான் அது திரும்பக் கிடைக்கும்.

அரசுக் கல்லூரிகள்ல நிரந்தரப் பணியிடம் காலியா கிடந்து, கௌரவ விரிவுரையாளர்களை வைச்சு வகுப்பு ஓடறதும் ஒரு காரணம். இவங்களுக்கு மாசம் 50,000 ரூபாய் வரை தரலாம்னு யு.ஜி.சி 2019-லயே சொல்லியாச்சு. அந்தச் சம்பளம் கேட்டுப் போராட்டங்களும் நடந்திருக்கு. அதனால, வராத ஆசிரியர் மேல கோபப்படுறதுக்கு முன்னாடி காரணத்தைத் தெரிஞ்சுக்கோங்க.

அட்டெண்டன்ஸ் கணக்குல ஒரு பொறி!

'கிளாஸே நடக்கல, அப்புறம் எனக்கு எப்படி ஆப்சென்ட் விழும்?'னு நினைப்போம். ஆப்சென்ட் விழாதுதான். ஆனா, 75 சதவிகிதம்ங்கிறது பொதுவா நடந்த வகுப்புகளை வைச்சுப் போடுற கணக்கு. ஒரு பாடத்துக்கு 60 அவர் நடந்தா, 15 அவர் போகாட்டியும் நீங்க தப்பிச்சிடலாம். 15 அவர் கேன்சலாகி 45 மட்டும் நடந்தா, 11 அவர்தான் விட முடியும். பழைய கணக்கை நம்பி 15 விட்டீங்கன்னா, உங்க அட்டெண்டன்ஸ் 67 சதவிகிதத்துக்கும் கீழ போயிடும். அப்புறம் கண்டனேஷன் ஃபீஸ், ஹெச்.ஓ.டி ரூம் வாசல்னு அலையணும்.

உங்க காலேஜ்ல கணக்கு நாள்வாரியா, பாடவாரியானு இன்னைக்கே ஆபீஸ்ல கேட்டு வைச்சுக்கோங்க.

ஒரு பக்கம் எழுதி வைங்க

தேதி, அவர், பாடம், காரணம். போன் நோட்ஸ்ல இந்த நாலை மட்டும் குறிச்சா போதும். 'சார் வர்றதே இல்லை'னு சொன்னா அது புலம்பல். 'ஜூலையில 16 அவர்ல 7 நடக்கலை, ரெண்டாவது யூனிட் இன்னும் தொடங்கலை'னு சொன்னா அது கணக்கு. அதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும்.

யார்கிட்ட, எப்படிக் கேட்கிறது?

முதல்ல கிளாஸ் அட்வைசர், அப்புறம் ஹெச்.ஓ.டி, அதுக்கப்புறம் பிரின்சிபால். ஒருத்தரா போகாதீங்க, ரெப்போட நாலஞ்சு பேரா போங்க. புகாரா இல்லாம, 'ஈடுசெய் வகுப்பு வேணும் சார்'னு வேண்டுகோளா ஆரம்பிங்க. நேரத்தையும் நீங்களே சொல்லுங்க. சாயங்காலம் 5 மணிக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ் வைச்சா டவுன் பசங்களுக்கு சரி, களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் போறவங்களுக்கு வீடு சேர ராத்திரி ஆயிடும். ஃப்ரீ அவர், சனிக்கிழமை காலைனு கேளுங்க.

எதுவும் நடக்கலையா? யு.ஜி.சி-யின் 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரிக்கும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கணும். சேரும்போது சொன்ன தரத்துல படிப்பு கிடைக்கலைன்னாலும் அங்க மனு கொடுக்கலாம். 15 வேலைநாளுக்குள்ள குழு அறிக்கை தரணும். திருப்தி இல்லைன்னா, அடுத்த 15 நாளுக்குள்ள பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளர்கிட்ட மேல்முறையீடு செய்யலாம். மனுவோட நகலை மறக்காம வைச்சுக்கோங்க.

அதுவரைக்கும் பாடம்?

நடத்தாத யூனிட்டுல இருந்தும் கேள்வி வரும். அதனால கேன்சலான அவரை ரெண்டா பிரிங்க. முதல் பாதியில சிலபஸைத் திறந்து, விட்டுப்போன தலைப்பை நாலு பேர் பங்கு போட்டு, ஆளுக்கொண்ணா படிச்சு மத்தவங்களுக்குச் சொல்லுங்க. மீதிப் பாதி கேன்டீனுக்கு! ஐ.ஐ.டி-கள் நடத்தும் என்.பி.டி.இ.எல், மத்திய அரசின் ஸ்வயம் தளங்கள்ல பாடங்களை இலவசமாவே பார்க்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். வீட்லயே டவுன்லோடு பண்ணிட்டா, பஸ்ல சிக்னலைத் தேட வேண்டியதில்லை. முந்தைய வருஷக் கேள்வித்தாள்களை சீனியர்கள்கிட்ட இப்பவே கேட்டு வாங்கிடுங்க.

விடிகாலையில எழுந்து டிபன் கட்டித் தர்ற அம்மாவுக்கு, உங்க கிளாஸ் நடந்துச்சா இல்லையானு தெரியாது. உங்களுக்குத் தெரியும். அடுத்த தடவை கிளாஸ் கேன்சல்னு குரல் கேட்டா, முதல்ல அந்த நோட்ஸைத் திறந்து தேதியைப் போடுங்க. கேன்டீன் எங்கேயும் ஓடிப் போயிடாது!