அடினோமயோசிஸ்: காவிரி டெல்டாப் பெண்களிடையே கருப்பை நோய்கள்

அடினோமயோசிஸ் என்பது கருப்பையின் உட்சவ்வில் மட்டும் இருக்கவேண்டிய சுரப்பிகளும் அவற்றைச் சூழ்ந்த திசுவும் கருப்பையின் தசைச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும் நோய். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில், பெரும்பாலும் 35 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில், மிகுந்த உதிரப்போக்காகவும் கடுமையான அடிவயிற்று வலியாகவும் வெளிப்படும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் மிக அரிது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இதைத் தனிப்பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. "பை வீங்கியிருக்கு" என்றும் "கர்ப்பப்பையில கட்டி" என்றும் சொல்லப்படும் பல கோளாறுகளுக்குள் இதுவும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

1860-இல் வியன்னாவின் நோய்க்குறியியல் அறிஞர் காரல் ரோகிடான்ஸ்கி இதை முதலில் விவரித்தார். 1908-இல் அமெரிக்க மருத்துவர் தாமஸ் கல்லன் இதைப்பற்றி விரிவான நூல் எழுதினார். இன்றைய பெயர் 1925-இல் ஆஸ்கர் ஃபிராங்கல் வைத்தது.

நோயின் இயல்பு

கருப்பையின் உட்சவ்வை ஒட்டி, தசையின் உள்விளிம்பில் மெல்லிய எல்லைப் படலம் ஒன்று உண்டு. பல பிரசவங்கள், சிசேரியன், கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தல் போன்றவற்றால் அந்த எல்லை காயப்படும்போது உட்சவ்வுத் திசு தசைக்குள் இறங்குகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பிள்ளை பெறாத இளம்பெண்களிடமும் இந்நோய் காணப்படுவதால் இதுவே முழு விளக்கம் ஆகிவிடாது. உள்ளே இறங்கிய திசு ஈஸ்ட்ரோஜனால் வளர்கிறது. சுற்றியுள்ள தசை தடிக்கிறது, அழற்சி ஏற்படுகிறது, வலியூட்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் பெருகுகின்றன. தடித்த தசையால் சரியாகச் சுருங்கி இரத்தக்குழாய்களை இறுக்க முடியாதபோது போக்கு அதிகரிக்கிறது. அறுவைக்குப் பின் இத்தகைய கருப்பையை வெட்டிப் பார்த்தால் சுவர் வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். இழையிழையாகச் சுருண்ட தசைக்கிடையே பழைய இரத்தம் தேங்கிய பழுப்புப் புள்ளிகள் ஊசிமுனை அளவில் தெரியும்.

நார்த்திசுக் கட்டியிலிருந்து இதைப் பிரித்தறிவது முக்கியம். நார்த்திசுக் கட்டிக்குத் தெளிவான விளிம்பு உண்டு. கட்டியை மட்டும் தனியே எடுத்துவிடலாம். அடினோமயோசிஸ் பெரும்பாலும் விளிம்பில்லாமல் சுவர் முழுவதும் பரவியிருப்பதால் அப்படி எடுப்பது கடினம். உட்சவ்வுத் திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ குடல்மீதோ வளர்ந்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் தொங்கும் சதை வளர்ச்சி, உட்சவ்வு மிகைத் தடிப்பு, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதே போன்ற போக்கை உண்டாக்கும். ஒரே பெண்ணிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது வழக்கமே.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பிறகே தொந்தரவு தொடங்கியது என்று பல பெண்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த அறுவையை இளவயதிலேயே செய்துகொள்கிறார்கள். நோய் தலைகாட்டுவது அதற்குப் பின்வரும் ஆண்டுகளில். அறுவை கருக்குழாயில் நடக்கிறது, கருப்பைச் சுவரைத் தொடுவதில்லை. சிசேரியனின் கதை வேறு: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். வரும் ஆண்டுகளில் இந்நோயைப் பற்றிப் பேசுவோர் இந்த எண்ணை மனத்தில் கொள்ளவேண்டும்.

நெல்வயலில்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. சத்துக் குறைவைப் பற்றிப் பேசும் அளவுக்கு மாதாமாதம் வெளியேறும் இரத்தத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அது மிகைப்போக்கு. அளந்து பார்க்க முடியாது என்பதால் அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்: ஏழு நாளைத் தாண்டுவது, மணிக்கொருமுறை துணியோ நாப்கினோ மாற்றவேண்டி வருவது, கட்டி கட்டியாகப் போவது, இரவில் பாய் நனைவது.

சம்பா நடவில் பெண்கள் சேற்றில் குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து நாற்று ஊன்றுகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் திறந்த வயல். வரப்பில் மறைவான இடம் இல்லை, துணி மாற்ற வழியும் இல்லை. போக்கு அதிகமான நாளில் இரண்டு மூன்று துணியை மடித்து வைத்து, உள்பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மதியம்வரை சமாளிக்க வேண்டும். இயந்திர நடவு பரவியபின் கைநடவு நாட்கள் குறைந்துவிட்டதால், கிடைக்கும் ஒருநாள் கூலியை விட மனம் வராது. நாற்பதைத் தாண்டியவர் வாய்திறந்தால், "நிக்கிற நேரம், அப்படித்தான் போகும்" என்று வீட்டு மூத்த பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். டெல்டாவில் இந்நோய் வளர இடம்கொடுப்பது இந்த ஒரு வாக்கியம்தான். மாதவிடாய் நிற்கும் காலத்தில் போக்கு இடைவெளி விடலாம், குறையலாம். கொட்டித் தீர்ப்பது இயல்பன்று.

கண்டறிதல்

வயிற்றின்மேல் எடுக்கும் ஸ்கேனில் "பல்க்கி யூட்ரஸ்" என்று எழுதித் தந்தால், கருப்பை பருத்திருக்கிறது என்பதற்குமேல் அதில் எதுவும் இல்லை. உள் ஸ்கேன் எனப்படும் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் சுவரின் ஒருபக்கத் தடிப்பு, நுண்ணிய நீர்ப்பைகள், விசிறி போன்ற நிழற்கோடுகள் தெரியும். எம்.ஆர்.ஐ. படத்தில் எல்லைப் படலம் 12 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். 45 வயதைக் கடந்தவருக்குப் போக்கு மிகுந்தால் உட்சவ்விலிருந்து சிறிது திசு எடுத்துப் பரிசோதிப்பது புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள.

இந்நோயைக் கவனிக்க இன்னொரு வாய்ப்பு கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை; அது இங்குப் புதிதன்று. தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் 2007-இல் அதற்கான முன்னோட்டத்தை நடத்தத் தேர்ந்த இரண்டு மாவட்டங்கள் தேனியும் தஞ்சாவூரும். அசிட்டிக் அமிலம் தடவி நிறமாற்றத்தைப் பார்க்கும் அந்த எளிய முறை பின்னர் மாநிலம் முழுவதும் சென்றது. பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் போக்கைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டால், கருப்பை நோய்களில் பல அங்கேயே பிடிபடும்.

சிகிச்சை

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு, மகளிர் மருத்துவப் பிரிவு நகருக்குள் இருக்கும் பழைய இராசா மிராசுதார் மருத்துவமனையில் இயங்குகிறது. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டதால் கடைமடை ஊர்களுக்கும் தூரம் குறைந்திருக்கிறது.

முதல் வேலை இரத்தசோகையைச் சரிசெய்வது. டிரானெக்ஸாமிக் அமிலமும் மெஃபனாமிக் அமிலமும் போக்கு உள்ள நாட்களில் மட்டும் எடுப்பவை. முதலாவது போக்கையும் இரண்டாவது வலியையும் குறைக்கும். இரத்தம் உறையும் நோய் இருந்தவர்கள் டிரானெக்ஸாமிக் அமிலத்தைத் தவிர்க்க வேண்டும். டயனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின் மாத்திரைகள் வலிக்கு நல்ல பலன் தருகின்றன. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆர்மிலாக்சிஃபீன் கருத்தடைக்காக வந்தது, மிகைப்போக்குக்கும் தரப்படுகிறது. கோயில் விசேஷத்துக்காக நாள் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நோரெதிஸ்டிரோனும் மருத்துவர் கண்காணிப்பில் சிகிச்சை மருந்தே. மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்குவது நோயை மறைத்துவிடும்.

இவற்றுள் நீண்டகாலப் பயன் தருவது, லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் கருப்பைச் சாதனம். ஒருமுறை பொருத்தினால் பொதுவாக ஐந்தாண்டு வேலை செய்யும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் போக்கு இருந்துகொண்டே இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் பயந்து எடுத்துவிடுகிறார்கள். கருப்பைத் தமனி அடைப்புச் சிகிச்சை பெருநகர மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

கருப்பை அகற்றம் நோயை முழுமையாகத் தீர்க்கும். மற்றவை தோற்றபோது அது நல்ல சிகிச்சை. ஆனால் அதுவே முதல் யோசனையாகிவிட்டது. இந்தியாவில் இவ்வறுவைக்கு ஆளான 15–49 வயதுப் பெண்களின் இடைநிலை வயது 34 என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டக் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் வேலைநாள் இழக்காமலிருக்கக் கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் நாட்டை உலுக்கியது. தேவையற்ற அகற்றங்களைத் தடுக்கும் வழிகாட்டுதலை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

அகற்றும்போது சூலகங்களையும் சேர்த்து எடுத்தால் அன்றே மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். எலும்புத் தேய்வும் இதய நோயும் முன்கூட்டியே வரக்கூடும். நோயில்லாத சூலகத்தை இளவயதில் எடுக்கக் காரணம் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அகற்றிய திசுவின் ஆய்வறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும். அடினோமயோசிஸ் என்ற பெயரைப் பல பெண்கள் முதன்முதலாகப் பார்ப்பது அந்தத் தாளில்தான். கருப்பை வாயை விட்டுவைத்திருந்தால் புற்றுநோய்ப் பரிசோதனை தொடர வேண்டும். குறைந்தது ஆறு வாரம் பளு தூக்கக்கூடாது. நெற்கட்டு சுமப்பவர்கள் களத்துக்குத் திரும்புமுன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது அவசியம்.