நந்தாதேவிக்கு நான் போட்ட தப்பு



நேற்று பேத்தி தொலைபேசியில் கேட்டாள்: "தாத்தா, இந்தியாவிலேயே உயரமான சிகரம் எது? மிஸ் கஞ்சன்ஜங்கான்னு சொன்னாங்க. கைடுல கே2ன்னு போட்டிருக்கு." நான் உடனே பதில் சொல்லவில்லை. பழைய விடைத்தாள் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அளந்த கதை. இமயமலையின் உயரத்தைக் கண்டுபிடித்த வேலை நம் சென்னையில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர் சங்கிலி போட்டு நிலத்தை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீளத்தை அளக்க 57 நாட்கள் ஆயின. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வடக்கே நகர்ந்தார்கள். அவர்களுடைய கோணமானியின் எடை அரை டன். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது மோதிச் சேதமாகி, லாம்ப்டனே உட்கார்ந்து பழுதுபார்த்தார். காட்டுக் காய்ச்சலில் பலர் இறந்தார்கள். லாம்ப்டனும் 1823இல் வேலை முடியாமலே ஹிங்கன்காட் என்ற ஊரில் கண்ணை மூடினார்.

அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட், அவருக்குப் பின் ஆண்ட்ரூ வா. அதுவரை உலகில் உயர்ந்தது கஞ்சன்ஜங்கா என்றே நம்பினார்கள். 1852 வாக்கில் வங்காளத்துக் கணித மேதை ராதாநாத் சிக்தார் போட்ட கணக்கில் 'பதினைந்தாம் சிகரம்' அதைத் தாண்டியது. 1856இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவித்தார்கள். பெயர் எவரெஸ்டுக்குப் போனது. கணக்குப் போட்டவரின் பெயர் பாடப்புத்தகத்தின் ஓரத்தில்கூட நெடுநாள் வரவில்லை. அதே 1856இல் மாண்ட்கோமரி என்பவர் காரகோரம் மலைத்தொடரின் சிகரங்களுக்கு கே1, கே2 என்று எண் போட்டார். கே என்றால் காரகோரம், அவ்வளவுதான்.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருவோம். ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் இருக்கின்றன.

கே2 (8,611 மீட்டர்): நம் அரசு வரைபடப்படி இந்தியாவில் இருக்கிறது. ஆனால் 1947-48 போருக்குப் பிறகு அந்தப் பகுதி பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ளது.

கஞ்சன்ஜங்கா (8,586 மீட்டர்): சிக்கிம், நேபாள எல்லையில் நிற்கிறது. சிக்கிம் 1975 மே 16 அன்றுதான் இந்தியாவின் 22ஆவது மாநிலமானது. அதற்கு முன் இந்தச் சிகரம் நம் கணக்கில் இல்லை. 1955இல் முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குப்படி உச்சியை மிதிக்காமல் சில அடி கீழே நின்று திரும்பினார்கள்.

நந்தாதேவி (7,816 மீட்டர்): உத்தராகண்டில், எல்லைத் தகராறு எதுவும் இல்லாமல் முழுக்க நம் நாட்டுக்குள்ளேயே நிற்பது. 1975 வரை பல புத்தகங்களில் முதலிடம் இதற்குத்தான்.

மலை நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. தெற்கிலும் இதே கதைதான். தென்னிந்தியாவின் உயரமான சிகரம் ஆனைமுடி (2,695 மீட்டர்). அது இருப்பது தேவிகுளம் வட்டாரத்தில். 1956 நவம்பர் 1 மொழிவாரிப் பிரிவினையில் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நமக்கு வந்தன. தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு நின்றன. கோரிக்கை வைத்துப் போராடியவர்களுக்கு அந்த வலி நெடுநாள் இருந்தது. அதனால்தான் இன்று நம் மாநிலத்தின் உச்சி நீலகிரியின் தொட்டபெட்டா (2,637 மீட்டர்). இரண்டுக்கும் வித்தியாசம் 58 மீட்டர்.

மற்றவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: ஆரவல்லியில் குரு சிகர் 1,722 மீட்டர், சாத்பூராவில் தூப்கர் 1,350 மீட்டர், அந்தமானில் சேடில் பீக் 732 மீட்டர்.

இனி அந்த விடைத்தாள். 1980களின் தொடக்கம், எட்டாம் வகுப்பு, காலாண்டுத் தேர்வு. ஒரு பையன் 'நந்தாதேவி' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன். "அப்பாவோட பழைய அட்லஸ்ல இதுதான் சார் இருக்கு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். "பழசைப் படிச்சா பழைய மார்க்குதான் வரும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் அதன்பின் வகுப்பில் கை தூக்கியதாக எனக்கு நினைவில்லை.

அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அந்த அட்லஸ் எந்த வருஷத்துது?" கேட்டிருந்தால் சிக்கிம் இணைந்த வரலாற்றை அன்றைக்கே நடத்தியிருக்கலாம். புவியியல் பாடத்தில் ஆண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின.

தம்பி, நீ இதைப் படித்தால், உன் விடை தப்பில்லை. அந்த ஒரு மார்க்கை இப்போது போட்டுக்கொள். பேத்திக்கு மூன்று விடைகளையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் 1975க்கு முந்தைய அட்லஸ் யாரிடமாவது இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.