வேக வரம்புக்கும் விபத்துக்கும் என்ன தொடர்பு?

சாலையோரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் 50 என்றோ 80 என்றோ எழுதியிருக்கிறது. பார்க்கிறோம், அதே வேகத்தில் கடந்து போகிறோம். அபராதம் வசூலிக்க யாரோ நட்டு வைத்த பலகை என்பதுதான் நம்மில் பலருடைய எண்ணம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

தெருவில் ஒரு குழந்தை திடீரெனக் குறுக்கே ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு வினாடிக்குள் 14 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க, காய்ந்த சாலையில் இன்னொரு 14 மீட்டர் வேண்டும். ஆக, 28 மீட்டரில் கார் குழந்தையின் முன்னால் நின்றுவிடுகிறது. அதே இடத்தில் 60 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால்? பத்து கி.மீ.தானே கூடுதல், லேசாக இடித்திருக்கும் என்று தோன்றும். இல்லை. குழந்தை நிற்கும் இடத்தை அடையும்போது காரின் வேகம் இன்னும் 40 கி.மீ. அளவில் இருக்கும். மழை பெய்த சாலை, தேய்ந்த டயர், மூன்று பேர் ஏறிய பைக் என்றால் நிலைமை இதைவிட மோசம்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. காரணம் இதுதான். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நகருக்குள் 50 கி.மீ.க்கு மேல் அனுமதிக்க வேண்டாம் என்பதும் அதன் பரிந்துரை.

அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தபோது, பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. என்று வரம்பு விதித்தார்கள். உயிரைக் காப்பது அன்று முதல் நோக்கமே இல்லை. ஆனால் 1973இல் 54,000 அளவில் இருந்த சாலை மரணங்கள் 1974இல் 45,000 அளவுக்கு இறங்கின. பெட்ரோல் தட்டுப்பாட்டால் மக்கள் வண்டி ஓட்டியதே குறைந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். முழுப் பெருமையும் வரம்புக்குப் போகாது. 1995இல் அந்த தேசிய வரம்பு நீக்கப்பட்டது.

ஜெர்மனியின் ஆட்டோபானில் பல பகுதிகளில் வரம்பே இல்லையே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் அங்கே எதிரே வண்டி வராது, நடந்து போகிறவர் இல்லை, மாடு குறுக்கே வராது. நம்மூர் நான்கு வழிச்சாலையில் இதில் எது இல்லை?

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் இதை நன்றாக அறிவார்கள். அபுதாபியில் பலகை எண்ணுக்கு மேல் 20 கி.மீ. வரை கேமரா விட்டுக்கொடுத்து வந்தது. 2018 ஆகஸ்டில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பலகையில் உள்ளதுதான் வரம்பு. அங்கே ஒழுங்காக ஓட்டும் நாம் விடுமுறையில் ஊருக்கு வந்ததும் மாறிவிடுவது ஏன் என்பது வேறு கதை.

இந்தியாவில் 2022இல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்குப்படி, பத்தில் ஏழு மரணங்களுக்கு அதிவேகமே காரணம். இத்தனைக்கும் அதில் மிச்சமாகும் நேரம் மிகக் குறைவு: 30 கி.மீ. தூரத்தை 60இல் போனால் 30 நிமிடம், 80இல் போனால் இருபத்திரண்டரை நிமிடம்.

பெற்றோருக்கு ஒரு தகவல். 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் சந்திக்க நேரிடும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.