சேர்விடாப்பின் வரலாறு: கண்டிப் பகுதிக் கத்தோலிக்கப் பாடசாலைகள் பிள்ளைகளைச் சேர்த்த முறை

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிற் பயணஞ் செய்வோர் கடுகண்ணாவைக் கணவாயை அடையும்போது, பாறையைக் குடைந்து அமைத்த வழியையும் அதற்கு அண்மையில் நிற்கும் கோபுரத்தையும் காண்பர். 1820 களிற் பார்ண்ஸ் தேசாதிபதியின் ஆணைப்படி இச்சாலையை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக எழுந்தது அக்கோபுரம். 1867 ஆம் ஆண்டிற் புகையிரதமும் இம்மலையேறிக் கண்டியை அடைந்தது. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் இவ்வழியே கரைநோக்கி இறங்கின. வணிகரும் புகையிரத ஊழியரும் எழுதுவினைஞரும் குருமாரும் இவ்வழியே மலைநோக்கி ஏறினர். அவர்களோடு பள்ளிக்கூடமும் ஏறிற்று. அப்பள்ளிக்கூடத்தின் வாயிலில் எப்பிள்ளை உள்ளே அழைக்கப்பட்டது, எப்பிள்ளை வெளியே நின்றது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஏடன்று. ஒரு தந்தையின் வினாவே. சில ஆண்டுகளுக்கு முன், கடுகண்ணாவையை அடுத்த தோட்டமொன்றிற் பிறந்து, பின்னர் நகர்ப்புறத்திற் குடியேறிக் கூலித்தொழில் செய்து வந்த ஒருவர், முதலாந் தரத்திற்குப் பிள்ளையைச் சேர்ப்பதற்கான விண்ணப்பப் படிவத்துடன் என்னிடம் வந்தார். அவர் நாடிய பாடசாலை முன்னாளிற் கத்தோலிக்கத் திருச்சபைக்குரியதாயிருந்து பின்னர் அரசினர் வசமானது. பெயர், பிறந்த திகதி, முகவரி ஆகியவற்றை நான் எழுதி முடித்தபின் அவர் தயங்கி, “மாஸ்டர், சமயம் என்கிற இடத்துல என்ன எழுதப் போறீங்க? வேதம்னு எழுதினா இடம் கிடைக்கும்னு சொல்றாங்களே!” என்றார். நாள்தோறும் முருகனை வணங்கும் ஒருவர் தம் மகளின் பொருட்டு அவ்வாறு கேட்க நேர்ந்ததன் காரணத்தை அறியவேண்டுமாயின், மூன்று நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்ட காலத்தில் அவர்தம் சீர்திருத்தச் சபையே பாடசாலையை நடத்திற்று. பாடசாலை இடாப்பும் ஞானஸ்நான இடாப்பும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மணப்பதிவு, உரிமைப்பேறு, உத்தியோகம் என்பனவெல்லாம் அவ்விடாப்பைச் சார்ந்து நின்றமையின், வீட்டிற் சைவராயும் பௌத்தராயும் கத்தோலிக்கராயும் வாழ்ந்தோர் பலர் இடாப்பிற் சீர்திருத்தச் சபையினராய்த் தோன்றினர். அக்காலத்துக் கத்தோலிக்கருக்குப் பாடசாலை வைக்கவோ வெளிப்படையாக வழிபடவோ உரிமையிருந்ததில்லை. அவர்களுக்குப் புகலிடமளித்தது கண்டியரசே. 1687 இல் இலங்கைக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகள் 1692 இற் கண்டியை அடைந்தார். முதலில் ஒற்றரென ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டாராயினும், பின்னர் மன்னனின் ஆதரவைப் பெற்று, 1711 இற் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015 இற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதரென அறிவித்தார். பௌத்த மன்னன் ஒருவன் பிற சமயத்துக் குருவைத் தன் நகரில் வாழவிட்டான் என்பதும், இடாப்பிற்கு அஞ்சி மனிதர் தம் சமயத்தை மறைத்தனர் என்பதும் ஒரே காலத்துச் செய்திகளாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை மாறிற்று. கண்டிப் பகுதியில் ஆசீர்வாதப்பர் சபையின் கிளையினரான சில்வெஸ்திரியத் துறவியர் கத்தோலிக்கப் பணியை வளர்த்தனர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரி 1854 இல் தோன்றியது. கண்டி 1883 இற் தனித் திருச்சபைப் பிரிவாகி, 1886 இல் மறைமாவட்டமாயிற்று. எனினும் கத்தோலிக்கப் பாடசாலைகள் நாடெங்கும் பெருகுதற்கு மூலமாயிருந்தது 1870 ஆம் ஆண்டு தொடங்கிய உதவி நன்கொடை முறையே. மோர்கன் குழு 1865 இல் தொடங்கிய விசாரணையின் விளைவாக 1869 இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. சமயச் சபைகள் நடத்தும் பாடசாலைகளுக்கு அரசாங்கம் பணம் வழங்கலாயிற்று. இக்கொள்கை உருவாதற்கு உழைத்தவர்களுள் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த பொன்ஜீன் ஆண்டகை முதன்மையானவர். கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பாடசாலையே வேண்டும், அதற்கு அரசிறையிலிருந்து பங்கு வேண்டும் என்பது அவரது உறுதியான வாதம்.

இவ்விடத்து நாம் கவனித்தற்குரியது ஒன்றுண்டு. பொன்ஜீன் ஆண்டகையின் வாதம் கத்தோலிக்கப் பிள்ளையைப் பற்றியது. ஆயினும் நன்கொடையோ பிள்ளையின் சமயத்தைப் பாராது, பரீட்சைப் பெறுபேற்றையும் வரவையும் பார்த்தே வழங்கப்பட்டது. ஆகவே பாடசாலை நிலைபெற வேண்டுமாயின் வகுப்பறை நிரம்பவேண்டும். கத்தோலிக்கர் சிறுதொகையினராயிருந்த மலைநாட்டூர்களிற் கத்தோலிக்கரைக் கொண்டு மாத்திரம் அது நிரம்பாது. பௌத்தப் பிள்ளையும் சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அப்பாடசாலைகளில் இடம்பெற்றமைக்குக் குருமாரின் பரந்த நோக்கு ஒரு காரணமெனின், நன்கொடை விதி மற்றொரு காரணமாகும். 1890 களில் நடைமுறையிலிருந்த கால் மைல் விதியும் இதற்குத் துணைசெய்தது. உதவிபெறும் பாடசாலையொன்று இருக்குமிடத்துக்குக் கால் மைலுக்குள் தோன்றும் புதிய பாடசாலைக்கு நன்கொடை கிடைப்பது அவ்விதியால் அரிதாயிற்று. முன்வந்து இடம்பிடித்தவை மிசன் பாடசாலைகள். பின்வந்தவை பௌத்தப் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும். எனவே அண்மையிலிருந்த மிசன் பாடசாலைக்கே பிற சமயத்தவர் பலரும் தம் பிள்ளைகளை அனுப்பினர்.

திருச்சபையின் உள்விதி இதனின் வேறாயிருந்தது. 1917 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மேற்றிராணியாரின் இசைவின்றிக் கத்தோலிக்கப் பிள்ளைகள் பிற பாடசாலைகளுக்குச் செல்லலாகாது எனத் தடுத்தது. எனவே பங்குக்குருவுக்கு முதற்கடன் தம் பங்கைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இடந்தருதல். எஞ்சிய இடமே பிறருக்குரியது. அவ்வாறு நுழைந்த பிற சமயப் பிள்ளைகளின் பொருட்டு, 1920 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தில் மனச்சாட்சி வாசகம் இடம்பெற்றது. பெற்றோர் விரும்பாவிடின் பிள்ளை பிற சமயப் பாடத்திற்கு இருக்கவேண்டியதில்லை என்பது அதன் பொருள். அதாவது, வாயிலைக் கடந்த பிள்ளையைக் காக்கச் சட்டம் முன்வந்தது. வாயிலில் எவரை அழைப்பது என்பது முகாமையாளரின் கையிலேயே இருந்தது.

தோட்டத்துப் பிள்ளையின் நிலை இன்னும் வேறு. 1907 ஆம் ஆண்டின் சட்டமும் 1920 ஆம் ஆண்டின் சட்டமும் தோட்டத்துரைமாரின் மீது கல்விக் கடனைச் சுமத்தின. லயத்தின் அருகே ஓர் அறையும் ஓராசிரியரும் அமைந்த தோட்டப் பாடசாலைகள் இவ்வாறு தோன்றின. அவை தொடக்க வகுப்புகளோடு முடிவுற்றன. நகரத்துப் பாடசாலையின் சேர்விடாப்பில் அப்பிள்ளைகளின் பெயர் ஏறுதற்கு வழி குறைவு. 1945 இற் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்து, ஆங்கிலப் பாடசாலைகளிற் பணமென்னும் தடை நீங்கியபோதும், தோட்டத்திற்கும் நகரத்திற்குமிடையே நின்ற வேலி நீங்கவில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வேலியை மேலும் உயர்த்திற்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முழுமையாக ஏற்கத் தொடங்கியது 1970 களிலேதான்.

இனி, 1960 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உதவிபெறும் பாடசாலைகளின் முகாமை அரசாங்கத்தைச் சேர்ந்தது. முதலாம், இரண்டாந் தரப் பாடசாலைகள் விரும்பினால், கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நிற்கலாம் என விடப்பட்டது. ஊர்தோறும் இருந்த சிறிய ஆரம்பப் பாடசாலைகளுக்கு அத்தெரிவு இல்லை. கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பாடசாலைக் கட்டடங்களுட் புகுந்து தங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் நிலத்தையும் கட்டடத்தையும் அரசினருக்கு உரித்தாக்க வழிசெய்தது. கத்தோலிக்கரின் முறைப்பாடு பொருளற்றதன்று. தம் காணிக்கையாற் கட்டிய பாடசாலையில் நாளை தம் பிள்ளைக்கே இடமின்றிப் போகுமோ என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்துக்கு விடையாக அமைந்ததே சமய விகிதாசார விதி. அரசினருக்கு உரித்தாக்கப்பட்ட பாடசாலையொன்றிற் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, உரித்தான காலத்தில் அங்கு பயின்ற வெவ்வேறு சமயப் பிள்ளைகளின் விகிதத்தைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பது அவ்விதி. முதலாந் தரச் சேர்வுக்கான கல்வியமைச்சின் சுற்றுநிருபங்களில் அது தொடர்ந்து இடம்பெற்று வந்துள்ளது. ஒரு சமயத்தவருக்கு ஒதுக்கிய இடம் நிரம்பாவிடின், அது ஏனையோருக்குப் பகிரப்படும்.

இவ்விகிதத்தினுள்ளேயே ஏனைய அளவுகோல்கள் இயங்குகின்றன. 2010 களின் சுற்றுநிருபங்களில், நூற்றுக்கு 50 இடங்கள் அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கும், 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 ஏற்கெனவே பயில்வோரின் உடன்பிறந்தாருக்கும், எஞ்சிய 10 கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து மீண்டோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் என வகுக்கப்பட்டன. அண்மையில் வசித்தலை நிறுவ வாக்காளர் இடாப்பும் உறுதியும் வேண்டும். 2007 இல் உயர் நீதிமன்றம் அப்போதைய சேர்வுச் சுற்றுநிருபம் அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரைக்கு முரணானது எனத் தீர்த்ததையும் ஈண்டு நினைவுகூரலாம். புள்ளிகள் மாறின, படிவங்கள் மாறின, விகிதாசார விதி நிலைத்தது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? அத்தந்தையின் மகளுக்கு இடமுண்டா இல்லையா என்பதை, அரைநூற்றாண்டுக்கும் முற்பட்ட ஓர் இடாப்பு தீர்மானித்தது. அவ்விடாப்பிற் சைவப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நன்கொடை விதியும், கால் மைலும், தோட்டத்து வேலியும் முன்னரே தீர்மானித்துவிட்டன. தோட்டப் பாடசாலையில் நின்றுவிட்ட அவளுடைய பாட்டியின் பெயர் நகரத்து இடாப்பில் ஏறாமையால், பேத்திக்குரிய பங்கு சுருங்கிற்று. பழைய மாணவர் என்னும் பிரிவிலும் அவளுக்கு ஒன்றுமில்லை. காணியுறுதியும் அவள் தந்தையிடம் இல்லை. விதியை வகுத்தவர் ஒரு சிறுபான்மையினரைக் காக்கவே வகுத்தனர். அது வேறொரு சிறுபான்மையினரின் வாயிலை ஒடுக்கிற்று.

தனியாராக நின்ற கத்தோலிக்கப் பாடசாலைகளிலோ கத்தோலிக்கருக்கு முதன்மையளித்தலே வழக்கு. ஞானஸ்நானப் பத்திரமும் பங்குக்குருவின் கடிதமும் அங்கு கேட்கப்படுவனவாம். ஆயினும் 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய பிரகடனம், வறியோரையும் குடும்பத் துணையற்றோரையும் அவ்விசுவாசத்தைச் சாராதோரையும் சிறப்பாகக் கருதுமாறு கத்தோலிக்கப் பாடசாலைகளைக் கேட்டது. கண்டியில் இந்துத் தமிழ்க் குடும்பமொன்றில் 1972 இற் பிறந்த முத்தையா முரளிதரன் பயின்றது புனித அந்தோனியார் கல்லூரியிலேயே. அவரைப்போல் உலகறியப் பெறாத பல நூறு சைவப் பிள்ளைகளும் அத்தகைய பாடசாலைகளில் எழுத்தறிந்தனர். இதனை நன்றியோடு கூறுதல் நம் கடன்.

இந்துக் கல்லூரியொன்றின் மலரில் இவ்வாறு எழுதுவார், பிறர் வாயிலை மாத்திரம் அளந்து அமைதல் முறையாகாது. பாதிரிமாரின் பாடசாலைக்கு மாற்றாக 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையைத் தோற்றுவித்த நாவலர் பெருமானைப் போற்றுகின்றோம். ஆனால் 1929, 1930 ஆம் ஆண்டுகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் வாங்கில் ஒக்க இருக்கலாம் என்ற ஆணை வந்தபோது, யாழ்ப்பாணத்துச் சைவருள் ஒரு பகுதியினர் அதனை எதிர்த்து மனுச்செய்ததையும், சில பாடசாலைகள் தீக்கிரையானதையும் மறத்தலாகாது. அக்காலத்து நம் இடாப்பில் ஏறாத பெயர்கள் எத்தனை! சமயத்தின் பெயராற் கட்டப்பட்ட எப்பாடசாலையும், தன் இடாப்பில் இருக்கும் பெயர்களைக் கொண்டு பெருமைகொள்ளுமுன், இல்லாத பெயர்களையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

அன்று அப்படிவத்திற் சமயம் என்ற இடத்தில் நான் ‘இந்து’ என்றே எழுதினேன். பொய்யெழுதித் தரமாட்டேன் எனக் கூறியதும் அத்தந்தை மறுக்கவில்லை. ஒப்பமிட்டு வாங்கிச் சென்றார். பிள்ளைக்கு அங்கே இடங் கிடைக்கவில்லை. பிறிதொரு பாடசாலைக்கு நாள்தோறும் பேருந்திற் சென்று அவள் பயில்கின்றாள். நான் எழுதியது உண்மை என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வுண்மைக்கு விலை கொடுத்தவன் நானல்லேன், அந்த ஐந்து வயதுப் பிள்ளை என்பது என் நெஞ்சை விட்டகலவில்லை. உண்மை எழுதும் பெற்றோரின் பிள்ளைக்கு நட்டம் வாராத ஒரு சேர்வு முறையை அமைத்தல் இயலாததன்று. அயலிற் பிறந்த பிள்ளைக்கு அயற்பாடசாலை என்பதும், எல்லா அயற்பாடசாலையும் ஒத்த தரத்தின என்பதும் நிலைநாட்டப்படுமாயின், சமயம் என்னும் அவ்விடம் பாடவேளையை வகுப்பதற்கு மாத்திரம் பயன்படும். வாயிலை அடைப்பதற்குப் பயன்படாது.