சீமைக் கோபுரங்களும் செப்புத் தகடும்

மேனாட்டிலுள்ள பெயர்பெற்ற கட்டடங்களின் பழைய அச்சுச் சித்திரங்களைத் தேடித் திரட்டுவது செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். பொழுதுபோக்குத்தான், ஆயின் அதனுள் ஒரு சரித்திரம் அடங்கிக் கிடக்கின்றது. அச்சரித்திரத்தில் பேராக் மாநிலத்துத் தமிழருக்கும் ஓர் இடம் உண்டா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இச்சித்திரங்கள் பிறக்கும் முறையை முதற்கண் அறிதல் நலம். மெருகிட்ட செப்புத் தகட்டின்மீது மெழுகு பூசி, அதன்மேல் ஊசியாற் கோடு கிழிப்பர். ஊசி சென்றவிடத்து மெழுகு விலகிச் செம்பு வெளிப்படும். பின்னர்த் தகட்டைத் திராவகத்தில் இடுவர். திராவகம் மெழுகைத் தொடாது. வெளிப்பட்ட செம்பை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளங்களில் மசியை அப்பி, மேற்பரப்பைத் துடைத்து, நனைந்த காகிதத்தை வைத்து உருளைப் பொறியில் அழுத்தினாற் படம் எழும். ஒரே தகட்டினின்று பல படிகள் எடுக்கலாம். எடுக்க எடுக்கக் கோடுகள் தேயும். முற்பட்ட படிகளுக்கு மதிப்பு மிகுதியாதல் இதனாலேயே.

இத்தொழிலில் இணையற்று விளங்கியவர் இத்தாலியரான பிரனேசி (1720–1778). ரோமாபுரியின் ஆலயங்களையும் வளைவுகளையும் இடிபாடுகளையும் அவர் 135 தகடுகளில் வரைந்தார். கல்விப் பயணமாக ரோமுக்கு வந்த ஆங்கிலச் சீமான்களின் மைந்தர்கள் அவற்றை வாங்கி ஊருக்குக் கொண்டுசென்றனர். கண்ட கட்டடத்தை உள்ளவாறே வரைவதோடு அவர் அமைந்தாரில்லை. பன்மடங்கு பெரிதாகத் தோன்றச் செய்தார். ஜெர்மானியக் கவியரசர் கேத்தே, அப்படங்களை முன்னரே கண்டு பழகியவராதலின், நேரில் அவ்விடிபாடுகளைப் பார்த்தபோது மனநிறைவு எய்தவில்லை. இதனைப் பொய் என்று வெறுப்பார் உளர். நமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. நாம் நோக்குவது வேறொன்று. அப்பெருந்தூண்களின் அடியில் எறும்பளவாகச் சில மாந்தர் நிற்கின்றனர். அவர்கள் யார், என்ன பெயரினர் என்பது ஓவியருக்கு வேண்டியதில்லை. கல்லின் உயரத்தைக் காட்டுதற்கு அவர்கள் வெறும் அளவுகோல்.

ஈப்போ நகரில் இத்தகைய படம் ஒன்று விலைக்கு வரின் வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பூதக்கண்ணாடி கொண்டு நோக்குங்கால் கோடுகளுக்கு மாறாகச் சிறு புள்ளிகளே தெரியின், அது பிற்காலத்து நகல். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் உளதா எனவும் பார்க்க. அத்தடம் இருந்தாலும் அது முதற்படியாகிவிடாது. பிரனேசியின் தகடுகளினின்று அவர் இறந்த பின்னும் நெடுங்காலம் படிகள் எடுக்கப்பட்டன. மேலும் நம் நாட்டின் ஈரக்காற்றில் காகிதத்திற் பழுப்புப் புள்ளிகள் படரும்; பூச்சியும் அரிக்கும். வெயில் படும் சுவரில் மாட்டுவோர் நாளடைவிற் காகிதம் பழுத்து நலிவதையே காண்பர்.

இனி, நம் பக்கம் வருவோம். மேனாட்டார் தம் கட்டடங்களை மட்டும் வரைந்தாரல்லர். 1786ஆம் ஆண்டு கல்கத்தா வந்திறங்கிய தாமஸ் தானியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792–93இல் தென்னாட்டைச் சுற்றினர். தஞ்சைப் பெரிய கோயிலும், திருச்சிராப்பள்ளி மலையும், மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையும், பாபநாசத்து அருவியும் அவர்கள் தகட்டில் ஏறின. 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த அவர்தம் 144 சித்திரங்களைச் சீமையிலுள்ளோர் ஆவலோடு வாங்கினர். அவற்றிலும் நம் முன்னோர் கோபுரத்தடியிற் சிற்றுருவங்களாகவே நிற்கின்றனர். பின்னர் 1821இல், கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்த பினாங்குக் காட்சிகளையும் வில்லியம் தானியல் தகட்டில் வடித்து வெளியிட்டார்.

பினாங்கு வரை வந்த செப்புத் தகடு, அண்டையிலுள்ள பேராக்குக்குள் நுழையவில்லை எனலாம். காரணம் எளிது. 1874இல் பங்கோர் உடன்படிக்கையால் ஆங்கிலேயர் இங்குக் கால்வைத்த காலத்தில் புகைப்படக்கருவி வந்துவிட்டது. கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டதோ 1877இல்தான். ஆகவே காடழித்து, நிரை பிடித்து, பால்வெட்டி வாழ்ந்த நம்மவர், எறும்பளவான அளவுகோலாகக்கூடச் செம்பில் இடம்பெறவில்லை.

ஆனால் சீமைச் சித்திரத்தினின்று பெயர்த்தெடுத்தாற் போன்ற மாளிகை ஒன்று பத்து காஜாவுக்கு அருகில் நிற்கின்றது. ஸ்காத்லாந்தினரான வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் தோட்டத் துரை 1915ஆம் ஆண்டளவில் தொடங்கிய கட்டடம் அது. ஆறடுக்குக் கோபுரமும் அதற்கு மின்தூக்கியும் வேண்டுமென்று திட்டமிட்டார். 1926இல் அவர் லிஸ்பனில் இறக்கவே, வேலை நின்றது. இன்று பயணிகள் படம்பிடித்துச் செல்லும் அவ்வளைவுகளை எழுப்ப மதராசிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். முதல் உலக யுத்தத்தின் முடிவில் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் அவர்களிற் பலரை வாரிக்கொண்டு போயிற்று என்பர். எஞ்சியோர் வேண்டியவாறு துரை மாரியம்மன் கோயில் ஒன்று கட்டுவித்தார்.

நோயுற்று மாண்டவர் தொகையைவிட மாளிகையில் உலவும் ஆவிகளைப் பற்றிய கதைகளே இந்நாளில் மிகுதியாகப் பேசப்படுகின்றன. ஆவியைத் தேடுவோர் ஆளைத் தேடினால் ஆகாதா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல லயங்கள் இடிந்தொழிந்த பின்னர், அம்மக்களின் உருவம் தங்கியிருப்பது வீடுகளிலுள்ள தகரப் பெட்டிகளில்தான்: மங்கிய திருமணப் படம், குடியுரிமைச் சீட்டில் ஒட்டிய முகம், கோயில் திருவிழாவில் எடுத்த ஒரு கூட்டப் படம். ரோமாபுரியின் தூண் ஒன்றுக்கு நூறு வெள்ளி கொடுக்கும் அன்பர், இவற்றைக் குப்பையென்று கொளுத்தும் வீட்டாரைத் தடுக்கவும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

கெல்லி ஸ்மித்தின் மாளிகைக்கு அணித்தேயுள்ள அக்கோயிலின் மேற்கூரையில், தெய்வ உருவங்களுக்கு நடுவே, வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கின்றார். நன்றி மறவாத தொழிலாளர் அவருக்கு அமைத்த உருவம் அது என்பர். செம்பும் திராவகமும் அவர்கள் கைக்கு எட்டவில்லை. சுண்ணாம்புச் சாந்தைக் கொண்டே துரையைப் படம்பிடித்து வைத்தனர்.