நாய் உரிமச் சட்டம் (மட்டாஞ்சேரி, கொச்சி)

1967-இல் கொச்சி மாநகராட்சியில் இணைந்த மட்டாஞ்சேரியில் நாய் வளர்ப்பதற்கு மாநகராட்சி உரிமம் வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் காட்ட வேண்டும். ஏட்டளவில் கிடந்த இந்த விதியைத் தட்டியெழுப்பியது ஒரு கொடுமை. 2021 ஜூனில் திருவனந்தபுரம் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடார் நாயைத் தூண்டில் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு அடித்தே கொன்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, வளர்ப்பு நாய்களைப் பதிவுசெய்ய ஆறு மாதக் கெடு விதிக்கச் சொன்னது. தெருநாய்களுக்கு 2023-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் பொருந்தும்: கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது. விலங்கு வதைக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய். மட்டாஞ்சேரியில் ஒரு மீன்கறிச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. கொன்றாலோ ஊனமாக்கினாலோ மட்டும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.